ஆல் வீல் டிரைவ் இருக்க வின்டர் டயர் எதற்கு?

கேள்வி: மதுரையிலிருந்து கனடா வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. போன குளிர்காலம் பஸ்ஸிலேயே ஓடிவிட்டது. இந்த ஜூலையில் மிசிசாகாவில் பழைய பி.எம்.டபிள்யூ. 330ஐ எக்ஸ்டிரைவ் ஒன்று வாங்கினேன், 2020 மாடல். 19 அங்குல ரிம், பின் டயர் முன் டயரைவிட அகலம். முந்தைய உரிமையாளர் நான்கிலும் மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4 எஸ் போட்டிருக்கிறார், பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர் மேடு) பாதிக்கு மேல் இருக்கிறது. போன வாரம் காலையில் வேலைக்குக் கிளம்பினேன். 2 டிகிரி, லேசான தூறல், பனி எதுவும் இல்லை. ஸ்டாப் சைனில் பிரேக் மிதித்தால், காலுக்கடியில் தடதடவென்று அதிர்ந்துகொண்டே வண்டி சந்தி நடுவில் போய் நின்றது. நல்ல வேளை, குறுக்கே யாரும் வரவில்லை. விற்றவர் ‘ஆல் வீல் டிரைவ்தானே, பனியிலும் போகும்’ என்றார். கடையில் வின்டர் டயரும் ரிம்மும் சேர்த்து 2,600 டாலர் கேட்கிறார்கள். இப்போதைக்கு முன்பக்கம் இரண்டு மட்டும் மாற்றலாமா? அல்லது மெதுவாக ஓட்டிச் சமாளிக்கலாமா? டிசம்பர் கடைசியில் மாண்ட்ரியல் போகும் திட்டமும் உண்டு.

பதில்: தம்பி, முதலில் பயத்தைப் போக்கிவிடுகிறேன். உங்கள் பிரேக்கில் கோளாறு இல்லை. காலுக்கடியில் தடதடத்தது ஏ.பி.எஸ். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க, பிடித்து விட்டு, பிடித்து விட்டு அது தன் வேலையைச் செய்திருக்கிறது. ஆனால் சாலைக்கும் டயருக்கும் நடுவே எவ்வளவு பிடிப்பு இருக்கிறதோ அதைப் பங்கு போட்டுக் கொடுக்கத்தான் ஏ.பி.எஸ்.ஸுக்குத் தெரியும். இல்லாத பிடிப்பை அது எங்கிருந்து கொண்டுவரும்?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று வழுக்கியதற்கு டயர் மட்டுமே காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். நவம்பரில் இங்கே தெருவெல்லாம் மேப்பிள் இலை ஊறிக் கிடக்கும். ஸ்டாப் கோட்டின் வெள்ளைப் பெயின்ட் நனைந்தால் சோப்பு மாதிரி. வீட்டைவிட்டுக் கிளம்பி ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, டயரும் சூடாகியிருக்காது. எல்லாம் சேர்ந்துதான் நடந்திருக்கும். ஆனால் இலையையும் பெயின்டையும் நீங்கள் மாற்ற முடியாது. டயரை மாற்றலாம்.

உங்கள் கார் அன்று காலையில் ஒரு எச்சரிக்கையும் கொடுத்திருக்க வேண்டும். வெளியே 3 டிகிரிக்கு இறங்கினால் பி.எம்.டபிள்யூ. ‘டிங்’ என்று மணி அடித்து, டாஷ்போர்டில் ஒரு சின்னம் காட்டும். முதல் வருஷம் எல்லோரும் அதை ஏதோ ரேடியோ சத்தம் என்று விட்டுவிடுகிறார்கள். நான் இந்த நாட்டில் ஓட்டிய முதல் காரில் அந்த மணியும் கிடையாது. யாரோ விற்ற பத்து வருஷத்துப் பழைய வண்டி, மொட்டை டயர். ஹைவேயை விட்டு இறங்கும் வளைவில் நேராகப் போய்ப் பனிக்குவியலில் செருகினேன். அதற்குப் பிறகுதான் டயர் பக்கம் வேலைக்கே வந்தேன் என்று வீட்டில் இன்றைக்கும் கிண்டல் செய்வார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். உங்கள் டயர் மட்டமான டயர் இல்லை. ஜூலையில், வெயிலில், காய்ந்த சாலையில் அதைவிட நன்றாகப் பிடிக்கும் டயர்கள் குறைவுதான். ஆனால் அது சம்மர் டயர், கோடைக்கானது. சிக்கல் அதன் ரப்பர் கலவையில் இருக்கிறது. தார்ச் சாலையைக் கையால் தடவிப் பாருங்கள், உப்புத்தாள் மாதிரி சின்னச் சின்ன மேடு பள்ளம் இருக்கும். டயரின் ரப்பர் மென்மையாக இருந்தால் அந்தப் பள்ளங்களுக்குள் இறங்கிக் கவ்வும். பிடிப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு அதுதான். சம்மர் டயரின் ரப்பர் சூட்டில் குழைந்துபோகாமல் இருக்கத் தயாரிக்கப்பட்டது. குளிரில் அது விறைக்கும். விறைத்த ரப்பர் பள்ளத்துக்குள் இறங்காது, மேட்டின் தலைமேல் சறுக்கிக்கொண்டு போகும்.

ஊரில் மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துத் தட்டியிருப்பீர்களே, ஒரு சொட்டு வராது. அதே எண்ணெய், அதே பாட்டில், மாறியது பத்து டிகிரிதான். ரப்பர் விஷயம் அச்சு அசல் அப்படி இல்லை. எண்ணெய் கிட்டத்தட்ட ஒரே புள்ளியில் உறைகிறது. ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிக்கொண்டே போய், ஒரு கட்டத்துக்குக் கீழே கண்ணாடி மாதிரி ஆகிவிடுகிறது. அந்தக் கட்டம் எந்தக் குளிரில் வர வேண்டும் என்பதைத்தான் டயர் செய்கிறவர்கள் கலவையில் தீர்மானிக்கிறார்கள். சம்மர் டயரில் அது சீக்கிரம் வந்துவிடும். வின்டர் டயரில் இயற்கை ரப்பரும் சிலிக்காவும் வேறு விகிதத்தில் கலந்து அதை வெகுதூரம் கீழே தள்ளியிருப்பார்கள்.

டயர்க் கடைகளில் 7 டிகிரி என்று ஒரு கணக்குச் சொல்வார்கள், அதற்குக் கீழே போனால் சம்மர் டயரைக் கழற்று என்று. அதை அப்படியே கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 5 டிகிரியில், நன்றாகக் காய்ந்த சாலையில், நல்ல சம்மர் டயர் வின்டர் டயரைவிடக் குறைந்த தூரத்தில் நின்ற சோதனைகளும் உண்டு. ஆனால் நவம்பரில் மிசிசாகா சாலை எத்தனை நாள் காய்ந்து கிடக்கிறது? 7 டிகிரி மாலையில் வேலை விட்டு வரும்போது இருக்கும். மறுநாள் காலை நீங்கள் சாவியைத் திருப்பும்போது மைனஸ் 1 ஆகியிருக்கும். பகல் வெப்பத்தைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள், காலை 7 மணிக்கு என்ன என்று பாருங்கள்.

ஆல் வீல் டிரைவ் விஷயத்தை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். கடைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். எக்ஸ்டிரைவ் என்பது இன்ஜின் இழுவையை நான்கு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற ஏற்பாடு. கிளம்புவதற்கும் மேடு ஏறுவதற்கும் அது பெரிய உதவி. நிற்பதற்கு? மதுரையில் ஓடும் பழைய மாருதி 800க்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் உண்டு. நிறுத்தும் விஷயத்தில் உங்கள் எக்ஸ்டிரைவுக்கு அதைவிடக் கூடுதல் சக்கரம் ஒன்றும் இல்லை.

சொல்லப்போனால் ஆல் வீல் டிரைவ் ஒரு வகையில் ஆபத்தும்கூட. பின்சக்கரத்துக்கு மட்டும் இழுவை போகும் வண்டி வழுக்கும் சாலையில் கிளம்பும்போதே வாலை ஆட்டி, ‘இன்றைக்குச் சரியில்லை’ என்று சொல்லிவிடும். உங்கள் வண்டி சொல்லாது. ஒன்றும் நடக்காதது போல் ஜம்மென்று 60 கிலோமீட்டர் வேகத்துக்குப் போய்விடும். சாலை வழுக்குகிறது என்பது முதல் பிரேக்கில்தான் உங்களுக்கே தெரியவரும். பனி கொட்டிய மறுநாள் ஹைவே ஓரப் பள்ளங்களில் கிடக்கும் வண்டிகளைப் பாருங்கள், அதில் எத்தனை ஆல் வீல் டிரைவ் எஸ்.யூ.வி. என்று எண்ணிப் பாருங்கள்.

மெதுவாக ஓட்டிச் சமாளிக்கலாமா என்று கேட்டீர்கள். ஒரு கணக்குப் போடுவோம். மிதிபட்டு இறுகிய பனியில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து வின்டர் டயர் போட்ட வண்டி 30 மீட்டரில் நிற்கிறது, சம்மர் டயர் போட்டது 60 மீட்டரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜத்தில் வித்தியாசம் கிட்டத்தட்ட அந்த அளவுக்குத்தான் இருக்கும். முதல் வண்டி நின்ற அந்த இடத்தைக் கடக்கும்போது இரண்டாவது வண்டி என்ன வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்? பாதித் தூரம் என்பதால் 25 என்று சொல்லத் தோன்றும். கிடையாது, 35. வேகத்தின் வர்க்கம்தான் தூரத்தோடு குறைகிறது, வேகம் இல்லை. கடைசி மீட்டர்களில்தான் வேகம் சட்டென்று இறங்கும். அந்த 30 மீட்டர் தள்ளி ஒரு குழந்தை சாலையைக் கடந்தால் அது 35 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மோதல். நீங்கள் மெதுவாகப் போனால் இந்த எண்கள் எல்லாம் குறையும், உண்மைதான். ஆனால் பின்னால் வருகிறவர் மெதுவாக வர மாட்டார். உங்களுக்குத் தேவையான வேகமும் 401 ஹைவேயில் ஓடும் வேகமும் ஒத்துப்போகாது.

பனியில் இன்னொரு கூத்து நடக்கிறது. பனி பனியோடு ஒட்டும். அதனால்தான் பிள்ளைகள் பனிமனிதன் செய்ய முடிகிறது. வின்டர் டயரின் பள்ளங்கள் பனியை வாங்கி அடைத்துக்கொண்டு, அந்தப் பனியால் கீழே கிடக்கும் பனியைப் பிடிக்கும். ஒவ்வொரு பட்டனிலும் மயிரிழை போல் நூற்றுக்கணக்கான வெட்டுகள் இருக்கும், அவை விரிந்து விளிம்பு விளிம்பாகக் கவ்வும். உங்கள் பைலட் ஸ்போர்ட்டைக் குனிந்து பாருங்கள். நீளவாக்கில் சில பெரிய வாய்க்கால், மற்றபடி வழவழவென்று அகலப் பட்டை. மழைத் தண்ணீரை வெளியே தள்ள அருமையான அமைப்பு. பனியில் அது பனிச்சறுக்குப் பலகை. இந்த வேலையை முதலில் யோசித்தது பின்லாந்துக்காரர்கள். இன்று நோக்கியன் என்று விற்கும் கம்பெனி 1934லேயே லாரிக்கு வின்டர் டயர் செய்துவிட்டது, இரண்டு வருஷம் கழித்துக் காருக்கும்.

இதற்குமேல் உங்கள் டயருக்கே உள்ள ஒரு விஷயம், இதை விற்றவர் சொல்லியிருக்க வாய்ப்பில்லை. இந்த மாதிரி டயர்களை மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே உருட்டவே கூடாது என்று மிஷெலினே எச்சரிக்கிறது. ரப்பர் அந்த அளவுக்கு விறைத்திருக்கும்போது வண்டியை நகர்த்தினால் பட்டனில் விரிசல் விடலாம், துண்டாகப் பெயரலாம். அப்படிக் குளிர் ஏறிய டயரை 5 டிகிரிக்கு மேல் உள்ள இடத்தில் ஒரு முழு நாளாவது வைத்துப் பதப்படுத்திய பிறகே தொட வேண்டும். குளிரில் வந்த விரிசலுக்கு வாரண்டி கிடைக்காது. ஜனவரி இரவுகளில் மைனஸ் 10க்குக் கீழே போவது இங்கே சாதாரணம். பிப்ரவரியில் ஒருவர் கொண்டுவந்த ஸ்போர்ட்ஸ் காரை லிஃப்டில் ஏற்றிப் பார்த்தபோது, நான்கு டயரிலும் பட்டன்களுக்கு நடுவே காய்ந்த கண்மாய் மாதிரி வெடிப்பு. அவர் அந்தக் குளிர்காலத்தில் மொத்தம் 200 கிலோமீட்டர்கூட ஓட்டியிருக்க மாட்டார். வெளியே நிறுத்தி வைத்து, ‘பேட்டரி இறங்கிவிடக்கூடாதே’ என்று வாரம் ஒருமுறை தெருவைச் சுற்றி வந்ததோடு சரி.

முன்பக்கம் இரண்டு மட்டும் மாற்றும் யோசனையை விட்டுவிடுங்கள். எந்தக் காருக்கும் அது தப்பு. முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது. வளைவில் பிரேக்கைத் தொட்டதும் வால் சுற்றிக்கொண்டு முன்னால் வரும். முன்னால் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், காலை எடுத்தால் பிடிப்பு கொஞ்சமாவது திரும்பக் கிடைக்கும். பின்னால் வழுக்கினால் சாதாரண ஓட்டுநருக்கு அதைப் பிடிக்க நேரமே இருக்காது. உங்கள் வண்டிக்குக் கூடுதலாக இன்னொரு காரணமும் இருக்கிறது. எக்ஸ்டிரைவில் முன்டயர் பின்டயர் இரண்டின் சுற்றளவும் ஒத்துப்போக வேண்டும். வேறு வேறு ஜாதி டயர், வேறு வேறு தேய்மானம் என்று போட்டால் நடுவில் இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் நாள் முழுக்கத் தேவையில்லாமல் உழைக்கும். அதை மாற்றும் செலவுக்கு முன்னால் நான்கு டயர் விலை ஒன்றுமே இல்லை.

இனி 2,600 டாலருக்கு வருவோம். 19 அங்குலத்திலேயே, இப்போது இருப்பது போல் பின்னால் அகலமாகவே கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தேவையில்லை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் டயர் அளவு ஸ்டிக்கர் இருக்கும், கையேட்டில் இன்னும் விரிவான பட்டியல் இருக்கும். உங்கள் மாடலுக்கு 225/50 ஆர் 17 என்ற அளவு நான்கு பக்கமும் ஒரேமாதிரி போடுவது வழக்கம். பெரிய ஸ்போர்ட்ஸ் பிரேக் உள்ள வண்டி என்றால் எல்லா 17 அங்குல ரிம்மும் உள்ளே நுழையாது, 18 போக வேண்டியிருக்கும். அதனால் வாங்கும் முன் ஒரு ரிம்மை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ரிம் சின்னதாக ஆக டயர் விலை நன்றாகவே குறையும். உயரமான பக்கச்சுவர் வசந்த காலக் குண்டுகுழிகளில் ரிம்மையும் காப்பாற்றும். கொஞ்சம் ஒடுங்கிய டயர் பனிக்கூழை வெட்டிக்கொண்டு தரையைத் தொடும், அகல டயர் அதன்மேல் மிதக்கப் பார்க்கும். பார்க்க அழகு குறையும், ஒப்புக்கொள்கிறேன். உப்பும் சேறும் பூசிய ஜனவரியில் யார் உங்கள் ரிம்மைப் பார்க்கப் போகிறார்கள்?

தனி ரிம் வாங்குவது ஆரம்பத்தில் வலிக்கும். ஆனால் ரிம் இல்லாமல் டயர் மட்டும் வாங்கினால் வருஷத்துக்கு இரண்டு முறை பழையதைப் பிதுக்கி எடுத்துப் புதியதை ஏற்றி பேலன்ஸ் பார்க்க வேண்டும். அந்தக் கூலியும், ஒவ்வொரு முறையும் டயர் விளிம்புக்கு வரும் சேதாரமும் மூன்று நான்கு வருஷத்தில் ரிம் விலையைத் தின்றுவிடும். வின்டர் டயர் ஓடும் மாதங்களில் உங்கள் விலையுயர்ந்த பைலட் ஸ்போர்ட் தேயாமல் படுத்திருக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்டாரியோவில் 2016 ஜனவரியிலிருந்து வின்டர் டயர் போட்டவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனிகள் தள்ளுபடி தந்தாக வேண்டும். பெரிய தொகை இல்லை, ஆனால் நீங்களாக போன் செய்து சொன்னால்தான் கிடைக்கும்.

கையில் காசு இறுக்கமாக இருந்தால் பழைய செட் வாங்கலாம், தப்பில்லை. இரண்டு விஷயம் பார்த்தால் போதும். டயர்ப் பக்கச்சுவரில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி நான்கு எண்கள் அது பிறந்த தேதி. 3821 என்றால் 2021ஆம் வருஷத்தின் 38ஆவது வாரம். ஆறு வருஷம் தாண்டியதை வின்டர் டயராக வாங்காதீர்கள், ரப்பர் தன் மென்மையை இழந்திருக்கும். பட்டன் ஆழம் 5 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. சட்டப்படி சுமார் ஒன்றரை வரை ஓட்டலாம் என்பார்கள், பனியில் 4க்குக் கீழே போனாலே அது பெயருக்குத்தான் வின்டர் டயர்.

பக்கச்சுவரில் மூன்று முகடுள்ள மலை, அதற்குள் பனித்துகள், இந்தச் சின்னம் கட்டாயம் இருக்க வேண்டும். பனியில் ஓட்டிச் சோதித்துத் தேறிய டயருக்குத்தான் அதைக் கொடுப்பார்கள். ‘எம் பிளஸ் எஸ்’ என்ற எழுத்து மட்டும் இருந்தால் அது பட்டன் வடிவத்தைப் பற்றிய தகவல்தான், தேர்வு எழுதி வாங்கிய மார்க் இல்லை. ஆல் சீசன் டயர்களில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். மலைச்சின்னம் உள்ள ஆல் வெதர் டயர் என்று ஒரு வகை உண்டு, வருஷம் முழுக்க ஓட்டலாம், ஊருக்குள் மட்டும் ஓட்டுகிறவருக்குப் பரவாயில்லை. உங்களிடம் ஏற்கெனவே நல்ல சம்மர் டயர் இருக்கிறது, ஹைவேயும் போகிறீர்கள். உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

மாண்ட்ரியல் பயணம். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் கட்டாயம். 2008இல் வந்த சட்டம் அது, முதலில் டிசம்பர் 15 என்று இருந்ததை 2019இல் முன்னே தள்ளினார்கள். அங்கே பதிவு செய்த கார்களுக்குத்தான் அது. உங்கள் ஒன்டாரியோ நம்பர் பிளேட்டுக்கு அபராதம் வராது. ஒன்டாரியோவிலோ அப்படி ஒரு கட்டாயமே இல்லை. ஆனால் சுற்றி ஓடும் அத்தனை வண்டியும் வின்டர் டயரில் 20 மீட்டரில் நிற்கும்போது நீங்கள் மட்டும் 40 மீட்டர் கேட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். டொரண்டோவிலிருந்து 540 கிலோமீட்டர் தூரம், நடுவே கிங்ஸ்டன் பக்கம் ஏரிக்காற்று வேறு. டயர் மாற்றாவிட்டால் ரயிலில் போங்கள்.

மாற்றும் வரை என்ன செய்வது? முதல் பனி விழுந்த அன்று எந்தக் கடைக்கு போன் அடித்தாலும் இரண்டு வாரம் கழித்து வா என்பார்கள், அதனால் இன்றே நேரம் வாங்குங்கள். அதுவரை காலை வெப்பம் 5க்குக் கீழே இருந்தால் மிவே பஸ்ஸில் போய்விடுங்கள், போன வருஷம் போனதுதானே. ஓட்டியே ஆக வேண்டும் என்றால் பாலங்களில் கவனம். கீழேயும் காற்று அடிப்பதால் மற்ற சாலையைவிட அவை முதலில் உறையும். காற்றழுத்தத்தையும் பாருங்கள். ஐந்தரை டிகிரி குளிர்ந்தால் சுமார் ஒரு பி.எஸ்.ஐ. இறங்கும். ஜூலையில் 30 டிகிரியில் அடித்த காற்று 2 டிகிரியில் 5 பி.எஸ்.ஐ. குறைந்திருக்கும், அன்று வண்டி வழுக்கியதில் அதற்கும் பங்கு இருக்கலாம்.

கழற்றிய சம்மர் டயர்களை வீட்டு பேஸ்மென்டில் வையுங்கள், சூடில்லாத கராஜில் வேண்டாம். ஏப்ரல் நடுவில் காலைகள் 7 டிகிரியைத் தாண்டியதும் மாற்றிக்கொள்ளலாம். அப்புறம் ஒன்று, இதை மறந்தவர்கள் நிறைய: புது ரிம் மாட்டி 100 கிலோமீட்டர் ஓடியதும் கடைக்குத் திரும்பப் போய் சக்கர போல்ட்டுகளை இறுக்கத்தை அளக்கும் டார்க் ரென்ச் வைத்து ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கடைகளில் அதற்குக் காசு வாங்க மாட்டார்கள்.